பார்த்தவர்கள்: நாற்பத்தொன்று

ஆய்வுக் கட்டுரை எழுதுவது பாதி வேலைதான். அதை யாராவது படித்தார்களா என்று போனைப் பார்த்துக்கொண்டே இருப்பது மீதி வேலை. நீங்களும் எழுதியிருந்தால் இந்த வியாதி தெரிந்திருக்கும். கோவில்பட்டிப் பக்கம் ஒரு கல்லூரியில் நான் இயற்பியல் வாத்தியார். காயும்போது கரிசல் மண் எப்படி வெடிக்கிறது என்பது என் கட்டுரை. இணையத்தில் வந்துவிட்டது. வெளியாள் ஒருவராவது படித்ததற்கு அத்தாட்சி காட்டாவிட்டால், என் ஆய்வறையைப் பரீட்சைத் தாள் கட்டி வைக்க எடுத்துக்கொள்வேன் என்று முதல்வர் சொல்லிவிட்டார்.

முதல் வாரம்

கட்டுரைப் பக்கத்தில் பார்த்தவர்கள் நாற்பத்தொன்று என்றிருந்தது. பூரித்துப்போய் வேதியியல் காதர் சாரிடம் காட்டினேன். அவர் போனை வாங்கிப் பக்கத்தை மூடித் திறந்தார். நாற்பத்திரண்டு ஆனது. "சார், ஒரு நாளைக்கு எத்தன தடவ திறக்குதீங்க?"

குடும்ப குரூப்

அந்த அவமானத்தில் சொந்தக்காரர்களின் வாட்ஸப் குரூப்பில் லிங்க்கைப் போட்டேன். எண்ணிக்கை கிடுகிடுவென்று ஏறியது. கும்பிட்ட கையும் பூங்கொத்துமாக வாழ்த்து குவிந்தது. பதிவிறக்கிப் படித்தவர் மட்டும் ஒருத்தரும் இல்லை. மாமியார்தான் அக்கறையாகப் போன் செய்தார். "பேரெல்லாம் போட்டிருக்கு மாப்ள, மண்டபம் எங்கனன்னு காணுமே?"

கிடை

நான் வெடிப்பை அளந்தது நாகலாபுரத்துப் பெருமாள்சாமியின் புஞ்சையில். ஆடு வளர்ப்பவர், கொஞ்சம் விவசாயமும் உண்டு. நன்றிப் பகுதியில் அவர் பேர் இருந்ததால் ஒரு பிரிண்ட் எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மனுஷன் காலேஜ் படிக்கிற மகளை உட்காரவைத்து, வரிவரியாகத் தமிழில் சொல்லச் சொல்லி, கடைசிவரை கேட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பிறகு ஒரு படத்தில் விரலை வைத்தார். அங்கே மட்டும் வெடிப்பு நெருக்கமாக இருக்கும். வெயில்தான் காரணம் என்று நான் எழுதியிருந்தேன். "இங்கன ரெண்டு வாரம் ராத்திரி ஆட்ட அடைச்சுக் கிடை போட்டிருந்தோம் சார். ஆடு மிதிச்ச நெலம். அத எழுதலையே?"

திருத்தம்

தப்பை ஒத்துக்கொண்டால் அறை போகும் என்று பயம். ஆனால் தெரிந்த பிறகு எப்படிச் சும்மா இருப்பது? கிடையைப் பற்றி எழுதி, சொன்னவர் பேரையும் போட்டு, திருத்தம் வெளியிட்டேன்.

பத்து நாளில், மண் ஆராய்ச்சி செய்யும் ஓர் அம்மாள் வெளிநாட்டிலிருந்து மெயில் அனுப்பியிருந்தார். அந்தப் படம் கட்டுரையைப் படித்ததிலிருந்தே குழப்பியதாம். ஆடு என்றதும் விளங்கிவிட்டதாம். கிடையைப் பற்றி ஒன்பது கேள்வி வேறு. முதல்வர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, அறை உங்களுக்கே என்றார். நேரே நாகலாபுரம் போய்ப் பெருமாள்சாமியின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் கையை விடுவித்துக்கொண்டு சொன்னார்: "மொதல்ல அந்த அம்மாவுக்குப் பதில் எழுதுங்க சார், அவிய நெசமாவே படிச்சிருக்காவ."

என் அறையைக் காப்பாற்றிக் கொடுத்த வாசகர் இன்றுவரை பார்த்தவர்கள் எண்ணிக்கையில் சேரவில்லை, ஏனென்றால் அவரிடம் இருப்பது நான் கொடுத்த பிரிண்ட்.