எதிர்த்த கடையில மூணு தலை

இது நெசமா நடந்த கதை. ஒரு எழுத்து பொய் கிடையாது. சரி சரி, அப்படி மொறைக்காதீங்க, கொஞ்சம் இழுத்திருக்கேன். முடி நெசம், நீளம் மட்டும் என்னோடது. கதையில வர்ற மூணு பேரும் இந்தா, இந்த பெஞ்சுலயே உக்காந்திருக்கானுங்க. ரொம்ப இழுத்தா என்னைய உதைப்பானுங்க.

இந்த முடிவெட்டுற கடைக்காரன் நத்தை இருக்கானே, என் தங்கச்சியக் கட்டினவன். இவனக் கிண்டல் பண்ண எனக்கு முழு உரிமை உண்டு. பள்ளிக்கூடத்துல மணி அடிச்சு, வாத்தியார் பாடத்த முடிச்சு, ஒரு தூக்கமும் போட்டு எந்திரிச்ச பெறகுதான் இவன் வாசல்ல வந்து நிப்பான். அதான் நத்தை. கடைசி பெஞ்சுல இவன் பக்கத்துல பல்லி, இப்ப குழாய் ரிப்பேர் பாக்குறான். அடுத்து விசில், அப்ப வாயால ஊதுனான், இப்ப பஸ்ஸுல ஊதுறான். ஓரத்துல மொட்டை. பேன் தொல்லைக்கு அவங்கம்மா அடிச்ச மொட்டையில வந்த பேரு. அது பலிச்சு, இன்னிக்குக் காதோரம் நாலு முடிதான் காவலுக்கு நிக்குது.

நத்தைக்கு அப்பவே கண்ணு சரியில்ல. கரும்பலகையில யானைய வரைஞ்சா எலியான்னு கேப்பான். கண்ணாடி போடுடான்னா, சோடாபுட்டின்னு கூப்பிடுவாங்கன்னு ஒரே அழுகை. அதனால பல்லிதான் காதுக்குள்ள படிச்சுச் சொல்லுவான். அந்தப் படுபாவி ஒரு நாள், "நாளைக்கு லீவுன்னு எழுதியிருக்குடா"ன்னுட்டான். நம்மாளு மறுநாள் வீட்டுல குப்புறப் படுத்துத் தூங்கினான். அதுக்கு வாங்கின அடியில ஒரு வாரம் நின்னுக்கிட்டே சாப்பிட்டான். ஆனா ஒண்ணு, அடி விழும்போது பல்லி எந்திரிச்சு, "நான்தான் சார் சொன்னேன்"னு அவனும் கைய நீட்டினான்.

மாசா மாசம் மூணு பேரும் கடைக்கு வந்து, அதே வரிசையில உக்காந்து, அதே கதையப் பேசி, புதுசாக் கேக்குற மாதிரி சிரிப்பானுங்க. நத்தைக்கு அந்த ஒரு நாளுக்காகத்தான் மத்த நாளே விடியும். எதிர்த்தாப்புல கண்ணாடிக் கதவு போட்டு, சில்லுன்னு ஏசி வச்சு ஒரு கடை வந்துச்சு. பாதி ஆளு அங்க ஓடிட்டான். நத்தை அசரவே இல்ல. "போறவன் போகட்டும், என் பெஞ்சு இருக்கு"ன்னான்.

போன மாசம் மூணு பேருக்கும் வெட்டி முடிச்சு அனுப்புறான், விசில் குடைய மறந்துட்டான். நத்தை எடுத்துக்கிட்டு ஓடுறான். தெருவத் தாண்டி விசில் போட்டிருந்த செவப்புச் சட்டை மங்கலாத் தெரியுது. நேரா எதிர்த்த கடைக்குள்ள போகுது! கதவத் தள்ளிக்கிட்டு உள்ள போனா, மூணு நாற்காலியில மூணு பேரும், கழுத்துல வெள்ளத் துணியோட. மொட்டையும்தான்!

"டேய் மொட்டை, உனக்கு இங்க என்னடா வேலை?"

"இருக்குறதே நாலு முடிடா. அதையும் ஒரு பக்கம் ஏத்தி ஒரு பக்கம் எறக்கி வச்சிருக்க."

அந்தக் கடைக்காரப் பையன் தயங்கித் தயங்கி, "அண்ணே, ரொம்ப நாளா நீங்க வெட்டுனத நாந்தான் சரி பண்ணி அனுப்புறேன்"ங்கறான்.

நத்தை குடைய இறுக்கிப் பிடிச்சுக்கிட்டான். "ஏன்டா ஒருத்தன் கூட சொல்லல?"

பல்லிதான் வாயத் தொறந்தான். "சொன்னா கத்திரிய வச்சுட்டு கடைய மூடிருவியோன்னு பயம்டா. அப்புறம் நாங்க எங்கடா போய் உக்கார்றது?"

அவ்வளவுதான். பாதி வெட்டுன தலையோட மூணு பேரும் அவன மூக்குக்கண்ணாடிக் கடைக்கு இழுத்துட்டுப் போனானுங்க. அழுகறதுக்கு இவன் இப்ப சின்னப் பையனா? ஆனாலும் அழுதான். கண்ணாடிய மாட்டிவிட்டதும் மூணு மூஞ்சியையும் ஒரு சுத்துப் பாத்தான். "அடப்பாவிங்களா, எப்படா இவ்வளவு கெழவனானீங்க?"

வீட்டுக்குப் போய் என் தங்கச்சியப் பாத்து என்ன சொன்னான்னு மட்டும் என்னைக் கேக்காதீங்க. அன்னிக்கு ராத்திரி அவனுக்குச் சோறு இல்ல.

இன்னிக்குக் கண்ணாடியோட மொதத் தடவையா இவனுங்க தலைக்குக் கத்திரி எடுத்திருக்கான். துணிய ஒதறிப் பிடிச்சுக்கிட்டு, பல்லெல்லாம் தெரிய நிக்கிறான் பாருங்க. யாருப்பா மொதல்ல உக்கார்றது?

"பல்லி, நீ போடா. அந்தக் கடைக்கு எங்களக் கூட்டிட்டுப் போனதே நீதான."

"யாரு, நானா? விசிலு, வாய் அழுகிரும்டா! ஏசி சில்லுன்னு இருக்குன்னு ஊதுனது யாரு?"

"எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாச்சு. மொட்டைய உக்கார வைங்க, அவனுக்குப் போறதுக்கு என்ன இருக்கு?"

"டேய்! யாரு முடிய யாருடா அளக்குறது? இங்க வாடா, வெளிய வாடா!"

யோவ், பெஞ்சு! பெஞ்சு சாயுதுய்யா! மச்சான், மொதல்ல அந்தக் கத்திரியக் கீழ வையி!