ரிஜெக்ட் முகம்

வீடு வீடாகப் போய் அம்மைத் தடுப்பூசி குத்துகிற உத்தியோகத்தில் முதலில் காய்த்துப் போவது நம் விரல் முட்டிதான். கதவு தட்டிப் பிழைக்கும் என் சக பாவிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ரேடியோ

எழுபதுகளின் தொடக்கம். ஆம்பூரில் தோல் தொழிலாளர்கள் குடியிருந்த ஒரு தெருவை எனக்கு ஒதுக்கியிருந்தார்கள். நான் தெருமுனையில் திரும்பினால் போதும், கதவுகள் வரிசையாகச் சாத்திக்கொள்ளும். ஒரு வீட்டில் தட்டினேன். கதவைக் கால்வாசி திறந்த பெண், வீட்டில் குழந்தையே இல்லை என்றாள். அவள் முதுகுக்குப் பின்னால் ஒன்று வீறிட்டு அழுதது.

நான் அவளைப் பார்த்தேன். அவள் அசரவில்லை. "அது ரேடியோ சார். நாடகம் ஓடுது."

ஒரு கிரேடு கம்மி

தெருவே இப்படி அடம் பிடித்ததற்குக் காரணம் ஏழுமலை. தொழிற்சாலையில் ஆட்டுத் தோல்களைத் தரம் பிரிப்பவர். தோலை வெளிச்சத்தில் விரித்து, கட்டைவிரலால் தடவி, ஓட்டை, கத்திக் கீறல், ஆட்டுக்கு அம்மை வந்த புள்ளி எல்லாம் கண்டுபிடித்து கிரேடு சொல்வார். முதலாளியே மறு பேச்சு பேச மாட்டார் என்றால் தெரு பேசுமா?

அவருக்கு ஒன்றரை வயதில் சுமதி என்று ஒரு மகள். பக்கத்து ஊரில் பெரியம்மை வந்துவிட்டது, இவளுக்கு இன்னும் குத்தவில்லை. காய்ச்சலுக்குப் பயந்தவர்களுக்கும், ஆத்தா கோபித்துக்கொள்வாள் என்பவர்களுக்கும் பதில் சொல்லப் பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இவர் கேட்டதற்கு அங்கே பாடமே இல்லை.

"குத்துனா கையில வடு வுழும் இல்ல? ஒரு புள்ளி இருந்தாலே ஒரு கிரேடு கம்மி சார். தெரிஞ்சே எவனாவது சரக்குல புள்ளி வெப்பானா?"

கட்டைவிரல்

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் வீட்டாரும் ஒரு காலத்தில் அம்மை குத்த வந்தவரைப் பார்த்துக் கதவைச் சாத்தியவர்கள்தான். எனக்கு ஆறு வயதில் பெரியம்மை வந்தது. அதே வாரம் தங்கைக்கும். நான் முகமெல்லாம் குழியோடு பிழைத்தேன். அவள் பிழைக்கவில்லை. இதை நான் யாரிடமும் சொல்வதில்லை.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் தொழிற்சாலைக்கே போனேன். அவர் தோல் பார்க்கும் ஜன்னல் வெளிச்சத்தில் நின்றுகொண்டு, "என்னையும் ஒரு தடவை தரம் பாருங்க" என்றேன். முதலில் சிரித்தார். பிறகு லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு, என் கன்னத்திலிருந்து நெற்றிவரை கட்டைவிரலை மெதுவாக ஓட்டினார். தங்கையைப் பற்றிச் சொன்னேன். விரல் அப்படியே நின்றுவிட்டது.

"உங்களுக்கு கிரேடே கெடையாது சார், ரிஜெக்ட்டு" என்றார். "சாயங்காலம் வூட்டுக்கு வாங்க."

எட்டாம் நாள்

அன்று மாலை சுமதிக்குக் குத்தினேன். அவளுக்குப் பின்னால் தெருவே வரிசையில் நின்றது, ரேடியோ உட்பட.

குத்திய இடத்தில் கொப்புளம் கிளம்பினால்தான் மருந்து பிடித்ததாக அர்த்தம். எட்டாம் நாள் நான் பரிசோதிக்கப் போனால், எனக்கு முன்பே ஏழுமலை ஆரம்பித்துவிட்டிருந்தார். ஒவ்வொரு குழந்தையின் சட்டைக் கையையும் தூக்கிப் பார்த்து, கொப்புளம் இருந்தால் இந்தப் பக்கம், இல்லாவிட்டால் மறுபடி குத்திக்கொள்ள அந்தப் பக்கம். கடைசியாகத் தன் மகளின் கையைத் தூக்கினார். வழவழவென்று இருந்தது, ஒரு புள்ளிகூட இல்லை. எட்டு நாளுக்கு முன்பு அவர் ஆசைப்பட்ட மாதிரியே. எனக்குத்தான் கவலை. இன்னொரு தடவை இவரிடம் மன்றாட வேண்டுமே. அவரோ மகளைத் தூக்கிக் கொண்டுபோய் ரிஜெக்ட் வரிசையில் முதல் ஆளாக நிறுத்தினார்.

மறுபடி குத்தினேன். அடுத்த வாரம் தெருமுனையிலேயே மகளும் கையுமாகக் காத்திருந்தார். சின்னக் கையில் முத்துப் போல ஒரு கொப்புளம். நான் விரலை நீட்டியதும் தடுத்தார்.

"பாஸ் சார். தொடாம பாருங்க, சரக்கு இன்னும் காயல."

இத்தனை வருட உத்தியோகத்தில் நான் வாங்கிய ஒரே கிரேடு ரிஜெக்ட்தான் என்றாலும், அந்தத் தெருவில் என்னைப் போல் இன்னொரு முகம் வரவேயில்லை என்பதால் அப்பீல் எதுவும் செய்யவில்லை.