கடைசி ரீல் போடாத வருஷப் பிறப்பு

மாண்ட்ரியலை ஒட்டிய ரொக்ஸ்பரோவில் எங்கள் பக்கத்து வீட்டில் ஐரிஷ்கார அம்மாள் ஒருவர் இருந்தார். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகள் வான்கூவரில். என் பெண் பள்ளிக்கூடம் விட்டு வந்தால், நான் வேலையிலிருந்து திரும்பும்வரை அந்த அம்மாளின் சமையலறையில்தான் இருப்பாள். நான் ரசம் வைத்தால் ஒரு பாத்திரத்தில் கொண்டுபோய்க் கொடுப்பேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே குடித்துவிட்டு இன்னும் இருக்கிறதா என்று கேட்பார்.

அவருக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. ஒரு படம் பார்க்க வேண்டும். அயர்லாந்தின் விடுதலைக்காகப் போராடி, இளம் வயதிலேயே சுட்டுக் கொல்லப்பட்ட தலைவர் ஒருவரைப் பற்றிய கறுப்பு வெள்ளைப் படம். அந்தத் தலைவர்மேல் இவருக்குப் பெரிய பக்தியெல்லாம் கிடையாது. "எல்லார் வீட்லயும் மாதா படத்துக்குப் பக்கத்துல அவரை மாட்டி வச்சிருப்பாங்க, அவ்வளவுதான்" என்பார். ஆசைக்குக் காரணம் வேறு. படத்தை இவர் பிறந்த ஊரில் எடுத்திருந்தார்கள், அதில் கூட்டத்தோடு கூட்டமாக இவருடைய தம்பி வருகிறான்.

தம்பி அண்டப்புளுகன். அவன் பிடித்த மீன் சொல்லச் சொல்லப் பசுமாடு அளவுக்கு வளரும். சின்ன வயதில் குதிரை உதைத்து ஒரு கால் விந்தல், அதற்கே ஏழு விதமான கதை வைத்திருந்தான். வீட்டில் அவனை நம்பிய ஒரே ஆள் அக்காதான். அக்கா கப்பலேறும்போது அவன் அரை டிராயர் போட்ட பையன். அதற்குப் பிறகு இருவரும் பார்த்துக்கொள்ளவேயில்லை. படம் எடுத்த சில மாதங்களில் அவன் நெஞ்சுச் சளியில் செத்துப்போனான். சாவதற்கு முன், மாண்ட்ரியலுக்கு வந்த உறவுக்காரர் ஒருவரிடம் சொல்லியனுப்பியிருந்தான்: "கேமராவைப் பாக்காதேன்னு கத்தினாங்க. நான் பாத்தேன். அக்காவைத்தான் பாத்தேன்னு சொல்லு." சொன்ன உறவுக்காரரே அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாராம். படம் இந்த ஊர்த் தியேட்டருக்கு வந்தபோது அந்த அம்மாளின் கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பார்க்க முடியவில்லை.

அப்போதெல்லாம் இந்த ஊரில் தமிழ்க் குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். டாக்டர்கள், இஞ்சினியர்கள், வாத்தியார்கள். பண்டிகை வந்தால் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் கல்லூரிக் கூடம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, டொரான்டோவிலிருந்து தமிழ்ப் படப் பெட்டியை வரவழைத்துப் போடுவோம். புரொஜெக்டர் என் வீட்டுக்காரருடையது. அதை ஓட்டும்போது அவருக்கு ஒரு மிடுக்கு வந்துவிடும், பக்கத்தில் போக முடியாது.

எங்கள் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. நல்ல நாளில் சாவைத் திரையில் காட்டக் கூடாது. கதாநாயகி இருமத் தொடங்கினால் போதும், எங்களில் மூத்தவரான டாக்டர் மாமி முன்வரிசையிலிருந்து கையை உயர்த்துவார். விளக்கைப் போட்டுவிடுவார்கள். கடைசி ரீல் பெட்டியை விட்டு இறங்காது. எல்லாரும் கைதட்டிவிட்டுக் கேசரி சாப்பிடப் போவோம். ஊரே அழுது பார்த்த எத்தனையோ படங்களுக்கு எனக்கு இன்றுவரை முடிவு தெரியாது.

ஒரு வருஷம் சித்திரை வருஷப் பிறப்புக்குத் தமிழ்ப் பெட்டி வரவில்லை. "அந்த ஐரிஷ் படத்தைப் போட்டுடலாமே, வெள்ளைக்காரனை எதிர்த்த கதைதானே, நம்ம கதை மாதிரிதான் இருக்கும்" என்றார் என் வீட்டுக்காரர். எனக்கு அவரை நினைத்துப் பெருமையாக இருந்தது. நகரத்தில் படங்கள் இரவல் கொடுக்கும் இடம் ஒன்றிலிருந்து பேராசிரிய நண்பர் ஒருவர் பெட்டியை எடுத்து வந்தார். மறுநாள் காலையில் திருப்பிவிட வேண்டும்.

ஓரங்களில் பனி இன்னும் கரையவில்லை. அந்த அம்மாள் முத்துமாலை போட்டு, உதட்டுச் சாயம் பூசி வந்து, முன்வரிசையில் மாமிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நொண்டி நடக்கிற ஆள், கேமராவைப் பார்க்கிற ஆள் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன். கூட்டம் வருகிற காட்சியிலெல்லாம் பட்டுப்புடவைக்காரிகள் கழுத்தை நீட்டித் தேடினார்கள். "இவனா? அதோ, அந்தத் தொப்பிக்காரனா?" இல்லை இல்லை என்று அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். சந்தோஷமாகத்தான் இருந்தார்.

காபி சுட வைக்க நான் பின்னால் போனேன். திரும்பி வருவதற்குள் விளக்கு எரிகிறது, கைதட்டுகிறார்கள். தலைவர் எல்லாரிடமும் சிரித்துப் பேசிவிட்டுக் காரில் ஏறுகிற இடத்தில் மாமி கையைத் தூக்கியிருக்கிறார். "வருஷப் பிறப்பும் அதுவுமா, சுட்டுத் தள்ளறதையா பாக்கணும்? போறும், நிறுத்திடுங்கோ." பெரியவர்கள் எள் என்றால் எண்ணெயாக நிற்கிற மனுஷர் என் வீட்டுக்காரர். நிறுத்திவிட்டார். மாமி தமிழில் சொன்னது பக்கத்திலிருந்த அந்த அம்மாளுக்குப் புரிந்திருக்காது. எனக்கு இது ஒன்றும் அப்போது தெரியாது. படம் முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். பேராசிரியர் அதற்குள் பெட்டியோடு கிளம்பிவிட்டார்.

அந்த அம்மாள் வெள்ளைத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். காபியை வாங்கிக்கொண்டு, "வரலையே" என்றார்.

காரில் முத்துமாலையைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "எங்கம்மா சொல்லுவாங்க, அவன் சாகும்போதும் ஒரு பொய்யைச் சொல்லிட்டுத்தான் சாவான்னு. நான் அம்மாவோட சண்டை போட்டிருக்கேன்." அவர் வீட்டு விளக்கு எரிகிறவரை நின்றுவிட்டு வந்தோம். எங்கள் வாசலில் காரை நிறுத்திய பிறகுதான் என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார்.

"இன்னும் ஒரு ரீல் இருந்தது."

"அதுல என்ன?"

"அவரைச் சுடறதும் சாவு ஊர்வலமும்தான். அதைப் போய் எதுக்குன்னு..."

"சாவு ஊர்வலம்னா கூட்டம் வராதா? நாலு பேர் இல்லாம எந்த ஊர்லங்க பொணம் போகும்?"

அந்த நேரத்தில் தோன்றவில்லை என்றார். வண்டி வண்டியாகப் படித்தவர், பாலம் கட்டுகிறவர். அவருக்கு அது தோன்றவில்லை.

மறுநாள் காலையில் பேராசிரியருக்குப் போன் செய்தோம். பெட்டியைக் கொடுத்துவிட்டார், அது ஹாலிஃபாக்ஸுக்குப் போகிறது, இலையுதிர் காலத்தில்தான் திரும்பும். நான் பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். கடைசி ரீல் ஒன்று இருக்கிறது, நாங்கள்தான் போடவில்லை என்றேன்.

"முடிவைப் போடாம யாராவது படம் காட்டுவாங்களா?"

வருஷப் பிறப்பு, நல்ல நாள், சாவு, மாமியின் கை, எல்லாவற்றையும் விளக்கினேன். இங்கிலீஷில் சொல்லச் சொல்ல என் காதுக்கே அது ஆகாசப்புளுகாகக் கேட்டது. அவர் என் கையைத் தட்டிக் கொடுத்தார். "நீ நல்ல பொண்ணு. அவனும் இப்படித்தான். நான் அழுதா உடனே ஏதாவது ஒண்ணைச் சொல்லுவான்." என் வீட்டுக்காரரைக் கூட்டிப்போய்ச் சொல்ல வைத்தேன். அந்த அம்மாள் அவருக்கு டீ போட்டுக் கொடுத்தார். "இலையுதிர் காலத்துல பாக்கலாம்" என்று எங்களைச் சமாதானப்படுத்தி அனுப்பினார்.

உண்மையைச் சொல்லி நம்பப்படாமல் வருகிற வயிற்றெரிச்சல் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவன் அதோடேயே வாழ்ந்திருக்கிறான்.

அந்தக் கோடையில் அவர் தம்பி பேச்சை எடுக்கவில்லை. முன்பெல்லாம் என் பெண்ணுக்குத் தம்பி கதை சொல்லித்தான் சாப்பாடு ஊட்டுவார். ஒருநாள் இவளாகவே அந்த மீன் கதையைக் கேட்டாளாம். "அதெல்லாம் பொய், கண்ணு" என்றாராம். இவள் வந்து என்னிடம் சொன்னபோது நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். நல்லதாகப் போயிற்று.

செப்டம்பரில் அவர் தூக்கத்திலேயே போய்விட்டார். மகள் வந்தாள், மாதா கோயிலில் பூசை நடந்தது, நாங்களும் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். டாக்டர் மாமியும் வந்திருந்தார். தான் செய்தது என்ன என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது. சொல்ல வேண்டுமென்று பலதடவை நாக்கு துடித்தது. நல்லதை நினைத்துச் செய்தவரிடம் என்னவென்று சண்டை போடுவது?

ஹாலிஃபாக்ஸிலிருந்து பெட்டி திரும்பிவிட்டதாகப் பேராசிரியர் போன் செய்தார். கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். வேண்டாம் என்றுதான் சொன்னேன். என் வீட்டுக்காரர் தானாகவே போய் வாங்கி வந்தார். வீட்டின் அடித்தள அறையில் வேட்டியைத் திரையாக விரித்துக் கட்டி, என்ன நினைத்தாரோ, எங்கள் இருவருக்கு மூன்று நாற்காலி இறக்கிப் போட்டார். நேராகக் கடைசி ரீலை மாட்டினார்.

சுட்டார்கள். மணி அடித்தது. சவப்பெட்டி வந்தது. பின்னால் ஊரே வந்தது, கறுப்புக் கோட்டுகளாக. கடைசியில், ஓரமாக, ஒருவன் விந்தி விந்தி வந்தான். அந்த அம்மாளின் அதே விறைத்த காது, அதே மூக்கு. எல்லாரும் தரையைப் பார்த்து நடக்க, இவன் எங்களுக்கு நேராக வந்ததும் தலையைத் திருப்பிப் பார்த்தான். சாவு வீட்டு நினைப்பே இல்லாமல் லேசாகச் சிரித்தான். அவன் சொல்லியனுப்பியதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.

என் வீட்டுக்காரர் ரீலைப் பின்னால் சுற்றி மறுபடி ஓட்டினார். மறுபடியும் பார்த்தான். "விடுங்க, போதும்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். மூன்றாவது நாற்காலியின்மேல் நான் என் கோட்டைப் போட்டு வைத்திருந்தேன்.