அப்பிள் தோட்டத்தில் மறிக்கப்பட்ட பாதை

ஒக்டோபர் நடுப்பகுதி, சனிக்கிழமை, காலை ஆறரை மணி. தென் லண்டனில், சட்டனில் எங்கள் தெரு இன்னும் விழிக்கவில்லை. காரில் மூன்று பேர்: நான், என் கணவர் ரவி, எங்கள் குடும்ப நண்பர் குகன் அண்ணை. அவர் லண்டனின் மறுகோடியில், செவன் கிங்ஸில் இருக்கிறவர். விடியற்காலைப் புறப்பாடு என்பதால் முதல்நாளே வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். பதினான்கு வருடங்கள் ஜெர்மனியில் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்து, வீடுகளுக்குச் சமையலறை அலுமாரிகள் பொருத்திக் கொடுக்கும் தொழில் தொடங்கியவர். இன்று அவரிடம் ஆறு பேர் வேலை செய்கிறார்கள்.

போன இடம் ஹெர்ஃபோர்ட்ஷயர். இங்கிலாந்தின் மேற்கு எல்லையில், வேல்ஸ் மலைகளில் சாய்ந்தபடி கிடக்கும் நாட்டுப்புற மாவட்டம். அப்பிளுக்குப் பேர்போனது. சட்டனிலிருந்து ஏறக்குறைய நூற்றைம்பது மைல். எம்-4 வழியாக ஸ்விண்டன், பிறகு குளொஸ்டர், ரொஸ்-ஒன்-வை. வழியில் சேவிஸ் எனப்படும் நெடுஞ்சாலைத் தரிப்பிடம் ஒன்றில் மூன்று தேநீருக்குப் பத்துப் பவுணுக்கு மேல் வாங்கினார்கள். “நான் பிளாஸ்கில கொண்டு வந்தனான். உங்களுக்குத்தான் அவசரம்” என்றார் குகன் அண்ணை.

ரொஸ்ஸைத் தாண்டியதும் மண் சிவப்பாகிவிடுகிறது. உழுத வயல்கள் செங்கல் நிறத்தில் கிடந்தன. அதற்குப் பிறகு வேலிக்கு வேலி அப்பிள் மரங்கள்தான். இந்தப் பகுதியில் பெரும்பாலானவை சைடர் என்ற மதுவுக்கான அப்பிள்கள். சின்னக் காய்கள்; கையால் பறிப்பதில்லை. மரத்தை உலுக்கி விழுத்தி, நிலத்திலிருந்து இயந்திரத்தால் கூட்டி அள்ளுகிறார்கள். புல் தெரியாமல் சிவப்பும் மஞ்சளுமாகப் பழம் பரந்து கிடந்தது. கண்ணாடியை இறக்கினால் புளித்த வாசம்.

பத்தரைக்கு ஒரு சிறிய கிராமத்தின் தேவாலயத்தடியில் காரை விட்டோம். அங்கிருந்து தோட்டங்களுக்கூடாக நாலு மைல் நடந்தால் பிளாக் ஹில் என்ற மலைமுகடு. ஒழுங்கை முனையில் ஒரு வீட்டு வாசலில் மேசை போட்டு, பைகளில் அப்பிள் வைத்திருந்தார்கள். விற்க ஆளில்லை. ஒரு பை ஒன்றரைப் பவுண்; காசைத் தகரப்பெட்டியில் போட வேண்டும். நாங்கள் மூன்று பை எடுத்து ஐந்து பவுண் தாளொன்றைப் போட்டோம். “பாத்தியளே, ஆள் இல்லாமல் நடக்கிற கடை! இதெல்லோ நாடு” என்று குகன் அண்ணை சந்தோஷப்பட்டார். ஆளுக்கொரு பையை முதுகுப்பையில் வைத்துக்கொண்டு நடந்தோம்.

பாதை ஒரு பெரிய தோட்டத்துக்குள் நுழைந்தது. படலையில் மஞ்சள் அம்பு அடித்திருந்தது; பொது நடைபாதை என்று பலகையும் இருந்தது. இந்த நாட்டுச் சட்டப்படி தனியார் காணிக்குள்ளால் போனாலும் அப்படிப்பட்ட பாதையில் யாரும் நடக்கலாம். பாதி தூரம் போயிருப்போம். பின்னால் இரைச்சல் கேட்டது. நாலு சக்கர மோட்டார் சைக்கிளில் ஒருவர் வேகமாக வந்து எங்களை முந்தி, பாதைக்குக் குறுக்கே நிறுத்தினார். அறுபது வயதிருக்கும். காலை வணக்கம்கூடச் சொல்லவில்லை.

“பைகளைத் திறந்து காட்டுங்கள்.”

எதற்கு என்று ரவி கேட்டார். இங்கே அப்பிள் களவு போகிறது, கூட்டமாக வந்து அள்ளிக்கொண்டு போகிறார்கள், பையைத் திறக்காவிட்டால் பொலிசைக் கூப்பிடுவேன் என்றார் அவர். “கூட்டமாக” என்று சொன்னபோது எங்கள் மூவரையும் ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தார்.

நான் வாய் திறப்பதற்குள் குகன் அண்ணை பையைக் கழற்றிவிட்டார். முழந்தாளிட்டு, பிளாஸ்க், மழைச்சட்டை, இடியப்பப் பார்சல், மருந்து டப்பா என்று ஒவ்வொன்றாகப் புல்லில் எடுத்து வைத்தார். கடைசியில் அப்பிள் பை வந்தது.

“அதோ!” என்றார் அந்த மனிதர்.

“நோ சேர். காசு குடுத்து வாங்கினது சேர். அந்த வீட்டில, சேர்” என்று குகன் அண்ணை ஆங்கிலத்தில் தடுமாறினார். ஆறு பேருக்குச் சம்பளம் கொடுக்கிற மனிதர். வாடிக்கையாளரோடு மணிக்கணக்கில் ஆங்கிலத்தில் பேரம் பேசுகிறவர். அவருடைய குரல் அப்படி ஒடுங்கியதை நான் அதுவரை கேட்டதில்லை. எனக்கு அந்த மனிதர்மேல் ஆத்திரம். முழங்காலில் இருந்த குகன் அண்ணைமேலும் ஆத்திரம்.

ரவி குனிந்து தரையில் கிடந்த ஒரு காயைச் சுட்டிக்காட்டினார். “உங்களுடையது இது. எலுமிச்சங்காயளவு. எங்கள் பையில் இருப்பதைப் பாருங்கள், இதைப் போல இரண்டு மடங்கு.” வீட்டடியில் தனக்குச் சாப்பாட்டு அப்பிளும் இருக்கிறதென்றார் அந்த மனிதர்.

அந்த நேரத்தில்தான் எங்களுக்குப் பின்னால் அதே பாதையால் ஒரு வெள்ளைக்காரத் தம்பதியர் வந்தார்கள். எங்களுடையதைவிடப் பெரிய முதுகுப்பைகள், ஒரு நாய். தோட்டத்து மனிதர் மோட்டார் சைக்கிளைப் பின்னுக்கு எடுத்து வழி விட்டார். “நல்ல நாள், இல்லையா? எங்கிருந்து வருகிறீர்கள்?” என்று கேட்டார். பிரிஸ்டலிலிருந்து, இந்தப் பக்கம் இதுதான் முதல்தடவை என்றார்கள். அந்தப் பெண் புல்லில் பரவிக் கிடந்த சாமான்களைப் பார்த்தார், குகன் அண்ணையைப் பார்த்தார். பிறகு நாயை இழுத்துக்கொண்டு நடந்தார். மோட்டார் சைக்கிள் திரும்பவும் பாதைக்குக் குறுக்கே வந்தது.

“அவர்களுடைய பையை ஏன் திறக்கச் சொல்லவில்லை?” என்று கேட்டேன்.

“அவர்கள் நடக்க வந்தவர்கள்.”

“நாங்கள்?”

அவர் என் முதுகுப்பையை நோக்கி விரலை நீட்டினார். நான் என் பையின் வாரை இறுக்கிக்கொண்டேன். “என்னுடைய பையைத் திறக்கமாட்டேன். பொலிசைக் கூப்பிடுங்கள். அவர்கள் கேட்டால் திறக்கிறேன். வரும்வரை இங்கேயே இருக்கிறோம்.”

அவர் கைபேசியை எடுத்தார், பார்த்தார், சட்டைப்பைக்குள் வைத்தார். அந்தப் பள்ளத்தாக்கில் யாருடைய கைபேசிக்கும் சிக்னல் இல்லை.

பிறகு நடந்தது நான் எதிர்பாராதது. குகன் அண்ணை எழும்பவில்லை. முழங்காலில் இருந்தவர் அப்படியே பாதையின் நடுவில் சம்மணம் கொட்டி உட்கார்ந்தார். இடியப்பப் பார்சலை அவிழ்த்தார்.

“இருங்கோ தங்கச்சி. ரவி, நீயும் இரு. இதிலயே குந்தியிருந்து சாப்பிடுவம்.”

“இதிலயோ அண்ணை?”

“ஓம், இதிலதான். நடக்கிற பாதையெண்டால் களைச்சால் குந்தியிருக்கவும் ஏலும்தானே?”

மூவரும் அந்த மனிதருடைய மோட்டார் சைக்கிளுக்கு முன்னால் இருந்து இடியப்பமும் சம்பலும் சாப்பிட்டோம். குளவிகள் சுற்றின. அவர் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். தனது காணி என்று ஒருதரம் சொன்னார். யாரும் நிமிரவில்லை. கடைசியில் ஏதோ முணுமுணுத்து, இயந்திரத்தை முடுக்கி, வரிசைகளுக்கூடாக ஓட்டிப் போய்விட்டார். மன்னிப்பு? அந்தச் சொல் அவர் வாயில் வரவில்லை.

பிளாக் ஹில்லில் ஏறும்போது இரண்டு மணி. முகடு கத்தி விளிம்புபோல ஒடுங்கியது; ஒரு பக்கம் வேல்ஸின் வெறும் மலைகள், மறுபக்கம் கோடு கோடாக அப்பிள் தோட்டங்கள். உண்மையிலேயே வடிவான இடம். அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. அதுதான் கூடுதலாகக் கோபமூட்டியது: இத்தனை வடிவைப் பார்க்க நூற்றைம்பது மைல் வந்தவளுக்கு, பார்த்த இடமெல்லாம் புல்லில் பரப்பிய அந்த மருந்து டப்பாவே தெரிந்தது.

உச்சியில் பிரிஸ்டல் தம்பதியர் இருந்தார்கள். அந்தப் பெண் எழுந்து வந்தார். “கீழே நடந்தது சங்கடமாக இருந்தது. தலையிட விரும்பவில்லை.”

“உங்களைத் தலையிடச் சொல்லவில்லை. ‘எங்கள் பையையும் பாருங்கள்’ என்று அவரிடம் ஒரு சொல் சொல்லியிருக்கலாமே” என்றேன்.

அவர் முகம் சிவந்தது. கணவர் நாயை அழைத்தார். அவர்கள் இறங்கிப் போனார்கள்.

திரும்புவதற்கு தார்ரோட்டு வழியும் இருந்தது. சுற்றென்றாலும் சோலியில்லை என்றார் ரவி. குகன் அண்ணை கேட்கவில்லை. “வந்த வழியாலதான் போறம்.” அதே தோட்டம், அதே பாதை. தூரத்தில் மரங்களை உலுக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அதனருகில் நின்ற அதே மனிதர் எங்களைக் கண்டார், முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மாலையில் ஹெர்ஃபோர்ட் வீதியில் அப்பிள் ஏற்றிய டிராக்டருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டோம். வளைவு வளைவுக்குப் பத்துப் பதினைந்து காய்கள் உருண்டு வீதியில் விழுந்து சக்கரத்துக்குள் நசிந்தன.

“இதையும் நாங்கள்தான் எடுத்ததெண்டு சொல்லுவாங்களோ?” என்றார் குகன் அண்ணை. மூவரும் சிரித்தோம், அந்த நாளில் முதல்தடவையாக.

சிரிப்பு அடங்கியபின் பின்னிருக்கையிலிருந்து அவர் மெல்லக் கேட்டார்: “நான் ஏன் தங்கச்சி உடன பையைத் திறந்தனான்?”

ரவி கண்ணாடியில் அவரைப் பார்த்தார். நான் திரும்பி, “உங்களில பிழையில்லை, அண்ணை” என்றேன்.

“அது தெரியும். ஜெர்மனியில, குரோய்டன் குடிவரவுக் கந்தோரில, எல்லா இடத்திலயும் கேக்க முன்னமே திறந்து பழகின கை. பதினெட்டு வரியமாய் இந்த நாட்டுக் குடிமகன், தங்கச்சி. கைக்கு இன்னும் தெரியேல்லை.”

ஹெர்ஃபோர்ட்ஷயர் எப்படி என்று இப்போது தெரிந்தவர்கள் கேட்கிறார்கள். மலை நல்லது, பழம் நல்லது, கட்டாயம் போய் நடந்து பாருங்கள் என்கிறேன். யாராவது பையைத் திறக்கச் சொன்னால் திறக்காதீர்கள் என்றும் சொல்கிறேன்.