இழுத்து ஜெயித்த ஆட்டம்

இன்று மதியம் தென்காசியில் கேரம் இறுதி ஆட்டம். எதிரே காதர் அண்ணன். போன வருடம் பக்கவாதம் வந்து மீண்டவர்.

சாரல் ஈரத்தில், பவுடர் போட்டும் காய்கள் சரியாக ஓடவில்லை.

கடைசி போர்டில், அதாவது கடைசிச் சுற்றில், ரெட் காய் எனக்கு வாகாக இருந்தது. தவறினால் அவருக்கு வாய்ப்பாகிவிடும் என்று நான் அடிக்கவில்லை. அவருடைய காய்களை மறித்து மறித்து ஆட்டத்தை இழுத்தேன்.

நேரம் போகப் போக அவர் கை நடுங்குவதைப் பார்த்தேன். பார்த்த பிறகும் இழுத்தேன்.

கடைசியில் அவர் துணிந்து ரெட்டைக் குறிவைத்தார். விரல் உதறி, ஸ்ட்ரைக்கரே குழியில் விழுந்தது. ரெட்டையும் மிச்சக் காய்களையும் நான் போட்டேன்.

"நல்லா ஆடுதலே மாரி" என்று கைகொடுத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "என் கை தளரட்டும்னுதான இழுத்த?"

"இல்லண்ணே, என் ஆட்டமே அப்படித்தான்."

"சரிலே" என்று சிரித்தார். கையை மட்டும் விடவில்லை.

வீட்டுக்கு வந்து மூன்று முறை கையைக் கழுவிவிட்டேன். அந்த நடுக்கம் இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது.

கிளம்பும் முன்பே நடுவரிடம் கேட்டேன், விதிப்படி தவறே இல்லை என்றார். கேரம் ஆடுகிறவர்கள் யாராவது அதையே இன்னொரு தடவை சொல்லுங்களேன். நம்பிப் பார்க்கிறேன்.