சொரசொரப்பானதையே கேளு

தொழிற்சாலையில் அவளுக்கு உப்பக்கா என்றுதான் பெயர். குழம்பில் ஒரு நாளும் சரியாக உப்புப் போடத் தெரியாதவளுக்கு இப்படியொரு பட்டமா என்று கணவர் கிண்டல் செய்வார். மார்பகத்துக்குள் வைக்கும் சிலிக்கான் பைகளைச் செய்யும் இடம் அது. அச்சில் இன்னும் காயாமல் இருக்கும் உறையின் மேல் பொடி உப்பை ஒட்டவைத்து, சூட்டில் இறுகியதும் கழுவிவிட வேண்டும். உப்பு கரைந்த இடமெல்லாம் குழிகுழியாக நின்றுவிடும். இருபத்திரண்டு வருடமாக அதுதான் அவள் வேலை.

வழவழப்பான பையைச் சுற்றி உடம்பு தடித்த சவ்வு கட்டி இறுக்கிவிடும், சொரசொரப்பானதில் அது குறைவு என்று அங்கே எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அது பொய்யும் இல்லை. புற்றுநோயால் தங்கைக்கு ஒரு மார்பை எடுத்தபோது, டாக்டர் இரண்டு வகையையும் மேசைமேல் வைத்து, யோசித்துச் சொல்லுங்கள் என்றார். உப்பக்கா எங்கே யோசிக்க விட்டாள்?

"இதுல என்னடி யோசனை? சொரசொரப்பானதையே கேளு. செய்யறவ நானு, எனக்குத் தெரியாதா?"

அப்படியொரு மிடுக்கு. தங்கையும் அதையே கேட்டாள்.

ஒன்பது வருடம் கழித்து ஒரு காலை, உப்புத் தொட்டிகளை மூடச் சொல்லிவிட்டார்கள். அந்தச் சொரசொரப்பால் அபூர்வமாகச் சிலருக்கு நிணநீர்ப் புற்றுநோய் வருகிறதாம். ஆயிரக்கணக்கான பேரில் ஒருத்திக்குத்தான் என்றார் மேலாளர், ஏதோ நல்ல சேதி சொல்வதுபோல. இரண்டு மாதமாக அந்தப் பக்கம் வீங்கியிருக்கிறது, சட்டை பிடிக்கிறது என்று தங்கை சொல்லிக்கொண்டிருந்தாள். "தின்னு தின்னு பெருத்துட்டே" என்று இவள் சிரித்திருந்தாள்.

மதியச் சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் தங்கை வீட்டுக்கு ஓடினாள். தங்கை கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் என் வாயால வந்த வினைடி," என்று அழுதுவிட்டாள். "அந்த வீக்கத்தை உடனே காட்டணும். அந்தச் சொரசொரப்பு..."

"காட்டிட்டேன்க்கா. வீக்கத்துல இருந்து நீர் எடுத்துப் பார்த்தாங்க. நீ பயப்படறியே, அதேதான். அடுத்த வாரம் பையை எடுத்துடறாங்க. எடுத்துட்டா பெரும்பாலும் சரியாயிடுமாம்."

"எப்ப தெரிஞ்சுது?"

"பத்து நாளாச்சு."

"பத்து நாளா! கூடப்பொறந்தவகிட்ட ஒரு வார்த்தை சொல்லலியேடி?"

தங்கை மடித்த சட்டையை மறுபடி பிரித்தாள்.

"நீ செஞ்சதாச்சே. உன்கிட்ட எப்படிக்கா சொல்வேன்?"