ஊஞ்சல் பலகைக்குக் கால் வைத்தேன்

பேயையும் நம்பமாட்டேன், பேயோட்டுகிறவனையும் நம்பமாட்டேன். ஏகாம்பரநாதர் சன்னதியில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் இதையேதான் சொல்வேன். அதனால் நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபமில்லை, வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். ஆனால் நடந்தது நடந்ததுதான்.

அறுபதுகளின் கடைசி அது. என் வீட்டுக்காரர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார், அடுத்த வருஷமே மாமனாரும் போனார். உடனே பாகம் பிரித்தார்கள். தறிகள் எல்லாம் வீட்டுக்காரரின் அண்ணனுக்கு. எனக்கும் என் கைக்குழந்தைக்கும் பின்கட்டில் ஒரே ஒரு அறை. கூடத்து ஊஞ்சலைக்கூட விட்டுவைக்கவில்லை, பித்தளைச் சங்கிலி நாலும் அவர் பெண்சாதிக்கு, அதாவது என் ஓரகத்திக்கு, வெறும் பலகை எனக்கு. சங்கிலி இல்லாத ஊஞ்சலை வைத்துக்கொண்டு என்ன செய்வது, சொல்லுங்கள்.

நான் செய்தேன். எனக்குத் தையல் தெரியும், அம்மா வீட்டுக் கைமெஷின் ஒன்று இருந்தது, துணி வெட்ட ஒரு மேஜைதான் இல்லை. காயலான் கடையில் பழைய கட்டிலின் கடைசல் கால்கள் நாலு கிடைத்தன, தூக்கிக்கொண்டு வந்து ஆசாரியைக் கூப்பிட்டேன்.

"ஊஞ்ச பலகைக்கு காலு வெச்சி நான் பாத்ததே இல்லமா. தொங்குனத நிக்க வெக்கக் கூடாதும்பாங்க," என்று தலையைச் சொறிந்தார்.

"தொங்க விடறதுக்கு சங்கிலிய அவங்க எடுத்துக்கினாங்க, நான் இன்னா பண்ணட்டும்? நீங்க ஆப்ப அடிங்க ஆசாரி."

சங்கிலி மாட்டியிருந்த ஓட்டைகளிலேயே கால்களைச் சொருகி ஆப்பு அடித்துக் கொடுத்தார். முழங்கால் உயரத்தில் அருமையான மேஜை. தரையில் உட்கார்ந்து தைக்கத் தோதாக இருந்தது.

ஓரகத்திக்குத்தான் பொறுக்கவில்லை. மாமனார் தினமும் மத்தியானம் காபி குடித்துவிட்டு, கால் கட்டைவிரலால் தரையை உந்தி உந்தி ஆடிய பலகையாம், அதற்குக் கால் வைத்தால் குடும்பத்துக்கு ஆகாதாம். அவளுக்கு வேண்டியது என் அறை, அது எனக்குத் தெரியாதா?

ஒரு மாசம் போயிருக்கும். பெரிய கிராக்கி ஒன்று வந்தது, மறுநாள் காலை முகூர்த்தம், கல்யாணப் பெண்ணின் ரவிக்கை. புடவையோடு சேர்த்து நெய்த பட்டு, ஒரு வெட்டு தப்பினால் மாற்றுத்துணி கிடையாது, அதோடு என் பிழைப்பும் முடிந்தது. துணியை விரித்துக் கத்தரிக்கோலை வைத்தேன், பலகை என்னை விட்டு மெல்லத் தள்ளிப் போனது. பிறகு திரும்பி வந்தது. கையைச் சட்டென்று எடுத்ததால் பட்டு தப்பியது.

ஆப்பு கழன்றிருக்கும் என்று கால்களை ஆட்டிப் பார்த்தேன், கல்லு மாதிரி இறுகியிருந்தன. குனிந்து பார்த்தேன். நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். ஒரு பட்டு இழையை எடுத்து ஒரு பக்கத்திலிருந்து இழுத்தேன், நாலு கால்களுக்கும் அடியில் புகுந்து எதிலும் சிக்காமல் மறுபக்கம் வந்துவிட்டது. பட்டப்பகல், வாசலில் காய்காரி கூவிக்கொண்டிருக்கிறாள், என் மேஜை தரையைத் தொடாமல் ஆடிக்கொண்டிருக்கிறது.

ஓரகத்தி கதவருகில் நின்று பார்த்துவிட்டாள். முகம் வெளுத்துப்போனாலும் வாய் ஓயவில்லை. "நான் அன்னிக்கே சொன்னேன் இல்ல? பலகைய குடுத்துட்டு பொண்ண கூட்டிக்கினு திருப்புட்குழிக்கே போயிடுடி, உங்கம்மா ஊட்டுக்கு!"

பயம் வரவேண்டிய இடத்தில் எனக்கு வந்தது ஆத்திரம். பலகையை ஓங்கி ஒரு அறை அறைந்தேன். "மாமா! உங்களுக்கு ஆடணும்னா ராத்திரியெல்லாம் ஆடுங்க, நான் கேக்கல. பகல்ல இது என் சோறு. உங்க பேத்தி சோறு. கீழ வையுங்க!"

டொக் என்று நாலு கால்களும் ஒன்றாகத் தரையில் இறங்கின. இழையை மறுபடி தரையோடு இழுத்துப் பார்த்தேன், காலில் மாட்டிக்கொண்டு அறுந்து வந்தது. ஓரகத்தி அதற்குப் பிறகு என் அறைப் பக்கம் வந்ததே இல்லை. ரவிக்கையை அன்று சாயங்காலத்துக்குள் தைத்துக் கொடுத்தேன், பெண்ணுக்கு அச்சாகப் பொருந்தியது.

அந்த மேஜையில்தான் மகளைப் படிக்க வைத்தேன், கல்யாணம் செய்து கொடுத்தேன். பகலில் ஒரு மயிரிழை அசைந்ததில்லை. ராத்திரியில் நான் எழுந்து பார்ப்பதில்லை, பேச்சு என்றால் பேச்சு. இதைப் பேய் என்று நீங்கள் சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். என்னவென்று கேட்டால் எனக்கும் தெரியாது.

போன ஆடியில் கண் சுத்தமாக மங்கிவிட்டது. இனி தைப்பதில்லை என்று படுக்கையில் கிடந்தபடி மனசுக்குள் முடிவு செய்தேன், மகளிடம்கூட வாய் திறக்கவில்லை. மறுநாள் மத்தியானம் காபியோடு அறைக்குள் போனால் பலகை நிதானமாக ஆடிக்கொண்டிருக்கிறது. நான் நின்று பார்க்கிறேன், ஆட்டம் நிற்கவில்லை. எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. நான் தையலை விட்டது அதற்கு எப்படித் தெரிந்தது?